ஒன்று புள்ளி இரண்டு வோல்ட்

டொலர் இல்லையென்று கப்பல்கள்
துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்ற வருடம்
புறக்கோட்டையில் நல்ல பற்றரி ஒன்று
அரைக் கிலோ மீனின் விலைக்கு வந்தது.

"இதைக் கொண்டுபோங்க தங்கச்சி,
ஐந்நூறு தரம் சார்ஜ் போடலாம்"
என்றார் முதலாம் குறுக்குத் தெரு மபாஸ் நானா.
விரல் நீளம். பச்சைச் சட்டை.
ஒன்றரை வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்று புள்ளி இரண்டு.
மிச்சத்தை யார் தருவது என்று
நான் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் அப்போது
கரண்ட் வந்தால் மாடிக்கு மாடி சத்தம் கேட்கும்.
தண்ணீர் ஏற்ற, மாவரைக்க,
பிள்ளையின் வகுப்புக்கு, சீருடை அயன் பண்ண.
என் பங்குக்கு இரண்டு பற்றரி.
சிவப்புப் பொட்டு பச்சையாகும்வரை விழித்திருந்தேன்
அடுப்பில் பால் வைத்தவள்போல.

மணிக்கட்டில் கட்டும் டைவ் கணினிக்கு
அதைப் பிடிக்கவில்லை.
நிரம்ப நிரப்பிப் போட்டாலும்
பாதி என்றே காட்டும்.
வள்ளத்தில் ஏறும்போது பாதி.
இருபது மீற்றரில் பாதி.
கரையில் பிளேன்டீ குடிக்கும்போதும் பாதி.
சில மனிதரிடம்
சுகம் விசாரிப்பதை நாம் நிறுத்துவது இப்படித்தான்.
அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்ப்பதை
நானும் விட்டேன்.

கல்கிசையிலிருந்து மேற்கே
ஊருக்குள் யாருக்கும் பெயர் தெரியாத இரும்புக் கப்பல்.
முப்பத்தொரு மீற்றர்.
கதவில்லாத வாசலால்
வௌவால் மீன்கள் வீட்டுக்காரர்போல் வந்து போயின.
இம்தாத் கமராவோடு முன்னால் போய்விட்டான்.
இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம்
என்று கையைத் திருப்பினேன்.

கறுப்புக் கண்ணாடி.
அதற்குள் என் முகமூடி.

முதலில் வந்தது பயமில்லை, கூச்சம்.
கடையில் சாமானெல்லாம் கட்டுவித்தபிறகு
காசு போதாமல் நிற்கும்போது வருமே
அது.

சிலிண்டரைத் தட்டினேன். திரும்பி வந்தான்.
ஒன்றும் கேட்காமல் தன் மணிக்கட்டை நீட்டினான்.
ஒரே இலக்கத்தை இரண்டு பேர் படித்தபடி ஏறினோம்,
காலி வீதி மழையில்
ஒரு குடைக்குள் நடப்பதுபோல,
தோள் இடிபட.

ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம்.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு
நான் வேறாக எண்ணினேன், நூற்றெண்பதுவரை.
நூற்றுப் பத்தில் ஞாபகம் வந்தது:
அவனுடைய பற்றரியும்
மபாஸ் நானாவுடையதுதான்.

வள்ளத்தில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன்.
ரப்பர் வளையத்தில் ஒரு மணல் இல்லை,
உள்ளே ஒரு துளி ஈரமில்லை.
பற்றரியை வெயிலில் வைத்துத் துடைத்துத்
திரும்பப் போட, எழும்பிற்று.
அதே பாதி.
திகதி: சனவரி ஒன்று.
நேரம்: பன்னிரண்டு.
உடம்பில் நைதரசன்: இல்லை.
கடைசியாக இறங்கியது: இல்லை.
இறங்கலாம் என்றது.

முழங்காலுக்குள்ளும் தோளுக்குள்ளும்
இன்னும் வெளியேறி முடியாத கடலோடு
நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"இது சொல்லுறது சரியெண்டா
நான் இண்டைக்கு வீட்டிலதான் இருந்தனான்."
இம்தாத் சிரித்தான்.
வள்ளக்கார சுனெத்துக்குத் தமிழ் விளங்காது,
அவனும் சிரித்தான்.
இரண்டாம் முறை இறங்கவில்லை.

கணினியின் உள்ளே, ஆறாவது பக்கத்தில்
'பற்றரி வகை' என்றொரு கேள்வி இருந்ததை
அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் கண்டேன்.
வாங்கிய நாளிலிருந்து அது கேட்டபடி இருந்திருக்கிறது.

இப்போது
குறையக் குறையச் சொல்லிக் குறைகிற சாதாரணப் பற்றரிதான்.
விலையைப் பற்றி நான் கதைப்பதில்லை.

பச்சைச் சட்டைக்காரன்
சமையலறை மணிக்கூட்டில் இருக்கிறான்.
ஒரு நிமிடம் பிந்தியதில்லை.
சோற்றுப் பானையை இறக்கும்போதெல்லாம்
அண்ணாந்து பார்க்கிறேன்,
பிறகு ஃபோனையும் ஒருதரம்.